எழுபது வளைவுகளும் ஒரு ஜாம்பிக் கூட்டமும்

காரவள்ளியில் ஒரு லட்சம் ஜாம்பிகள் வந்து நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நாமக்கல்லும் சேந்தமங்கலமும் ஏற்கெனவே விழுந்துவிட்டன. பிழைத்தவர்கள் மேலே, கொல்லிமலையின் 14 நாடுகளில் ஒன்றான அரியூர் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களிடம் அரிவாளும் கடப்பாரையும் உண்டு. திருவிழாவுக்குக் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிகள் சில உண்டு. ஓடுகிற நிலையில் ஒன்றிரண்டு வண்டிகள் உண்டு. கதை எழுதுகிறவர் இவர்களை எப்படிப் பிழைக்க வைப்பார்?

படங்களில் நாம் அதிகம் பார்த்த விடை, மதிலும் துப்பாக்கியும்தான். கதவை அடைப்பார்கள், லாரியைக் குறுக்கே நிறுத்துவார்கள், ஏறி வருவதைச் சுடுவார்கள். ஊட்டியைக் களமாக வைத்துச் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கி 2016-ல் வந்த 'மிருதன்' படத்திலும் பெரும்பாலான வேலையைத் துப்பாக்கியே செய்கிறது. இருபது ஜாம்பிகளுக்கு இது போதும். ஒரு லட்சத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேர் நின்று, ஆளுக்கு ஐந்து நொடிக்கு ஒரு தோட்டா, ஒன்றுகூடக் குறி தவறாமல் சுட்டாலும் ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும். தோட்டா ஒரு லட்சம் வேண்டும். அத்தனை நேரமும் வெடிச் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து மாவட்டங்களில் இருப்பவையும் வந்து சேரும்.

இந்த மலையிடம் இதைவிட நல்ல விடை ஒன்று வெகுகாலமாக இருக்கிறது. அதன் பெயர் கொல்லிப்பாவை. நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு என்று சங்கப் பாடல்களில் பல இடங்களில் வருகிற இந்தப் பாவை, தெய்வமோ பூதமோ செய்து குடவரையில் நிறுத்திய பெண்ணுருவம். காற்று, மழை, இடி, நிலநடுக்கம் எது தாக்கினாலும் அதன் அழகு குன்றாது என்கிறார் பரணர். பிற்காலக் கதைகள் அந்த உருவத்துக்கு ஒரு வேலையையும் கொடுத்தன. மலையில் தவம் செய்யும் முனிவர்களை அழிக்க அசுரர்கள் கூட்டமாக வருவார்கள். அவர்களுடைய வாடை பட்டதும் பாவை அசையும், சிரிக்கும். அந்தச் சிரிப்பில் மயங்கி அருகே போகிறவர்கள் மாண்டுபோவார்கள். கொல்லிமலையில் இருக்கும் எட்டுக்கை அம்மனையே அந்தப் பாவை என்று வணங்குகிறவர்கள் இன்றும் உண்டு.

பாதுகாப்புப் பொறியாளர் ஒருவரின் கண்ணால் இந்தக் கதையைப் படித்தால் வியப்பாக இருக்கிறது. வருகிறவரை முன்கூட்டியே உணர்வதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. உணர்ந்த பிறகு மட்டும் இயங்குகிற ஓர் ஈர்ப்பு இருக்கிறது. அந்த ஈர்ப்பு, காக்கப்பட வேண்டியவர்கள் இருக்கும் இடத்திலிருந்து விலகி நிற்கிறது. மதிலைப் பற்றிய பேச்சே கதையில் இல்லை. எதிரி எதை நோக்கி நடப்பானோ அதைக் கொண்டே அவனை நிறுத்துகிறார்கள். இத்தனை நுட்பமான யோசனையை வைத்துக்கொண்டு நம் கதாசிரியர்கள் ஹாலிவுட்டின் மதிலையே திரும்பத் திரும்பக் கட்டுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

பாவையின் யோசனை ஒரு லட்சம் பேர் கொண்ட கூட்டத்திடம் எடுபடுமா? விடை கூட்டத்தின் இயல்பில் இருக்கிறது. ஜாம்பிகளின் விதி கதைக்குக் கதை மாறும். ஜார்ஜ் ரொமேரோவின் 1968-ஆம் ஆண்டுப் படத்தில் தள்ளாடி நடந்தவை, 2002-ல் வந்த '28 டேஸ் லேட்டர்' படத்தில் ஓடத் தொடங்கின. நாம் பழைய வகையையே எடுத்துக்கொள்வோம். அவை மெதுவாக நடக்கும். சத்தம், வாடை இரண்டுக்கும் திரும்பும். பக்கத்தில் இருப்பது நகர்ந்தால் தாமும் நகரும். திட்டமிடாது, பின்வாங்காது.

'தி வாக்கிங் டெட்' தொடரில் அட்லாண்டா நகரத்தின் மேல் ஒரு ஹெலிகாப்டர் பறக்கும். சில ஜாம்பிகள் அதைப் பார்த்து நடக்கத் தொடங்கும். ஹெலிகாப்டர் போன பிறகும் நடை நிற்காது. முன்னால் போவதைப் பின்னால் இருப்பது தொடர, வழியில் கிடைத்தவை எல்லாம் சேர்ந்துகொள்ள, அது பெருங்கூட்டமாகிவிடும். கற்பனைதான் என்றாலும் அடிப்படை பொய்யல்ல. 1995-ல் ஹங்கேரிய இயற்பியலாளர் தமாஷ் விச்செக்கும் சகாக்களும் கணினியில் புள்ளிகளை நகரவிட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரே விதி: அருகில் உள்ளவற்றின் சராசரித் திசையில், சிறு தடுமாற்றத்துடன் போ. புள்ளிகள் குறைவாக இருந்தபோது ஆளுக்கொரு பக்கம் அலைந்தன. அடர்த்தி ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் ஒரே திசையில் திரண்டு நகர்ந்தன. அவற்றுக்குத் தலைவன் கிடையாது, கட்டளையும் கிடையாது.

உயிருள்ள சான்று பாலைவன வெட்டுக்கிளி. ஜெரோம் பூல், இயன் கஸின் முதலானோர் இறக்கை முளைக்காத வெட்டுக்கிளிக் குஞ்சுகளை வட்டமான அரங்கில் விட்டு எட்டு மணி நேரம் கவனித்து, 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சதுர மீட்டருக்குப் பத்து, பதினைந்து என்று இருந்தவரை ஒழுங்கே இல்லை. 25 முதல் 60 வரை இருந்தபோது எல்லாம் ஒரே திசையில் நடந்தன, ஆனால் வெளிக்காரணம் எதுவும் இல்லாமல் திடீரென்று மொத்தக் கூட்டமும் எதிர்த்திசைக்குத் திரும்பியது. ஏறத்தாழ 74-ஐத் தாண்டியபின் திரும்புவதே நின்றுபோனது. பிடித்த திசையை அது விடவே இல்லை.

அவை ஏன் நடக்கின்றன என்பது இன்னும் கலங்க வைக்கும் செய்தி. புரதமும் உப்பும் போதாமல் பின்னால் வருவது முன்னால் போவதைக் கடிக்கிறது. கடி வாங்காமல் இருக்க முன்னது நகர்கிறது, நகரும்போது தனக்கு முன்னால் இருப்பதைக் கடிக்கப் பார்க்கிறது. வயிற்றுப் பகுதியின் உணர்வு நரம்பைத் துண்டித்து, பின்னாலிருந்து வரும் கடி தெரியாதபடி செய்த வெட்டுக்கிளிகள் நடப்பதைக் குறைத்துக்கொண்டன, அதிகமாகத் தின்னப்பட்டன என்று 2008-ல் ஓர் ஆய்வு காட்டியது. ஜாம்பிக் கதை எழுதிய எவரும் இவ்வளவு தூரம் போனதில்லை. 2025-ல் கஸினின் குழு மெய்நிகர் அரங்கில் வெட்டுக்கிளிகளை நடக்கவிட்டு இன்னொரு திருத்தத்தையும் சொன்னது. அண்டையில் இருப்பதன் திசையை அவை அப்படியே நகலெடுப்பதில்லை, கண்ணில் படும் வெட்டுக்கிளியை இலக்காகக் கொண்டு அதை நோக்கிப் போகின்றன. விச்செக்கின் விதி அப்படியே பொருந்தாவிட்டாலும், பார்ப்பதை நோக்கி நடப்பது என்ற எளிய பழக்கமே பெருங்கூட்டத்தை உண்டாக்கப் போதும் என்று தெரிகிறது.

அரியூர் நாட்டில் இருப்பவர்களுக்கு இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம் வாயை மூடிக்கொள்வது. ஈர்ப்பதற்கு ஒன்றும் இல்லாத ஜாம்பி எவ்வளவு தூரம் போகும்? நொடிக்கு ஒரு மீட்டர் நடந்து, ஒவ்வொரு நொடியும் தோன்றிய பக்கம் திரும்புகிறது என்று கொள்வோம். நேராக நடந்தால் ஒரு நாளில் 86 கிலோமீட்டர் போயிருக்கும். இப்படி அலைந்தால், புறப்பட்ட இடத்திலிருந்து ஒரு நாள் முடிவில் சராசரியாக 300 மீட்டர்கூட விலகியிருக்காது. இலக்கற்ற நடையில் தூரம், காலத்தின் வர்க்கமூலம் போலத்தான் வளரும். பத்து நொடிக்கு ஒருமுறைதான் திரும்பும் என்று வைத்தாலும் ஒரு நாளில் ஒரு கிலோமீட்டருக்குள், நூறு நாளில் சுமார் 9 கிலோமீட்டர். காரவள்ளியில் நிற்கும் கூட்டத்தை மலைக்கு வரவழைக்கும் ஆற்றல் மலையில் இருப்பவர்களிடமே இருக்கிறது. ஒரு ஜெனரேட்டர், ஒரு வெடி, கொண்டாட்டமாக ஒரு பாட்டு போதும்.

சரிவும் துணைக்கு நிற்கிறது. தடுமாறி நடப்பது விழுந்தால் கீழ்ப்பக்கம்தான் விழும். மேலே ஒரு அடி வைப்பதும் கீழே ஒரு அடி சறுக்குவதும் சமமல்ல என்பதால், இலக்கில்லாத அலைச்சல் மலையில் மெல்ல மெல்லக் கீழ்நோக்கிச் சாயும். அடிவாரத்திலிருந்து மேட்டுக்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம். 60 கிலோ எடையுள்ள உடம்பு அதை ஏற, தசையின் திறனையும் சேர்த்துக் கணக்கிட்டால் 560 கலோரிக்குக் குறையாமல் எரிக்க வேண்டும். இரை கிடைக்காத பிணத்துக்கு அது எங்கிருந்து வரும் என்று கதாசிரியர் யோசித்தே ஆக வேண்டும்.

மேலே யாரோ ஒலி எழுப்பிவிட்டார்கள் என்று கொள்வோம். கூட்டம் மலையைப் பார்த்துத் திரும்பிவிட்டது. இப்போதுதான் கொல்லிமலைச் சாலையின் அருமை தெரியும். காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஓட்டுநர்களுக்கு அவை சோதனை. ஒலியை நோக்கி நடக்க மட்டுமே தெரிந்த ஒன்றுக்கோ அவை ஏறக்குறையக் கடக்க முடியாத புதிர். ஒவ்வொரு வளைவிலும் சாலை, போக வேண்டிய இடத்துக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறது. இலக்கை அடைய வேண்டுமென்றால் சற்று நேரம் இலக்கை விட்டு விலகி நடக்க வேண்டும்.

விலகி நடப்பது அறிவின் வேலை. 1910-களில் டெனரிஃப் தீவில் மனிதக் குரங்குகளின் அறிவை ஆராய்ந்த ஜெர்மானிய உளவியலாளர் வொல்ஃப்காங் கோலர், கோழிகளையும் சோதித்தார். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் தீனி. வேலியின் ஒரு முனை திறந்தே இருக்கும். நாய் ஒரு கணம் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. சிறு குழந்தையும் அப்படியே. கோழியோ தீனியைப் பார்த்தபடி வேலியில் முட்டி முட்டி முன்னும் பின்னும் ஓடுகிறது. அப்படி ஓடும்போது தற்செயலாக முனையைத் தாண்டினால்தான் உண்டு. முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் இதை யார் வேண்டுமானாலும் ஒரு தட்டிவேலியை வைத்துச் செய்து பார்க்கலாம். தீனி வேலிக்கு நெருக்கமாக இருக்க இருக்க, கோழிக்கு விலகுவது கடினமாகும்.

ஜாம்பி இந்தக் கோழியின் நிலையில் இருக்கிறது. முதல் வளைவிலேயே அது சாலையை விட்டு இறங்கி, ஒலி வரும் பக்கம் தடுப்புச் சுவரில் முட்டி நிற்கும், இல்லையென்றால் புதர்ச்சரிவில் ஏறப் பார்த்து உருளும். தற்செயலாகச் சில வளைவுகளைக் கடப்பவை இருக்கும். ஒவ்வொரு வளைவிலும் பத்தில் ஒன்பது தப்பாமல் கடக்கின்றன என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 70 வளைவுகள் முடியும்போது ஒரு லட்சத்தில் சுமார் 60 மட்டுமே மேலே நிற்கும். அறுபதை ஓர் ஊர் சமாளித்துக்கொள்ளும். நேரான அகலச் சாலை போட்டிருந்தால் இந்தக் கணக்கே வேறு. ஆனால் முள்ளுக்குறிச்சி வழியாக வரும் இன்னொரு சாலையும், புளியஞ்சோலையிலிருந்து ஏறும் காட்டுப் பாதையும் உண்டு. அவற்றின் மேல்முனையிலும் கண்விழித்து ஆள் இருக்க வேண்டும்.

நெருக்கடியான இடத்தில் கூட்டம் எவ்வளவு வேகமாகப் பாயும் என்பதற்கும் அளவு உண்டு. ஆட்கள் நடக்கும் வழியில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நொடிக்கு ஒன்றேகால் பேர் அளவுக்குத்தான் கடக்க முடியும். சாலை 6 மீட்டர் அகலம் என்றால் நொடிக்கு ஏழு. வளைவே இல்லை என்றாலும் ஒரு லட்சம் கடக்க நான்கு மணி நேரம் பிடிக்கும். ஒற்றையடிப் பாதையில் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க. இதற்கு மேல் அவசரப்பட்டால் நிலைமை தலைகீழாகும். டிர்க் ஹெல்பிங், இல்லேஷ் ஃபர்கஷ், விச்செக் மூவரும் 2000-ல் வெளியிட்ட கணினி மாதிரியில், ஒரு கதவு வழியாக வெளியேறுவோர் வேகமாகப் போக முனைந்தபோது வெளியேறும் வீதம் குறைந்தது. மில்லில் அரிசி கொட்டும் புனலின் வாயில் மணிகள் வளைவாகக் கட்டிக்கொண்டு நிற்பது போல, உடம்புகள் ஒன்றையொன்று நெருக்கிக் கதவில் வளைவு கட்டிவிடுகின்றன. ஆக, குறுகலுக்குச் சற்று அப்பால் பேரொலி எழுப்பினால் ஜாம்பிகள் வெறிகொண்டு நெருக்கி, வழியைத் தாமே அடைத்துக்கொள்ளும். கதாநாயகர்கள் வழக்கமாகச் செய்கிறபடி குறுகலுக்கு முன்னால் ஒரு வண்டியைக் குறுக்கே விட்டுவைப்பது ஆபத்து. அதே மாதிரியில், கதவுக்கு முன்னால் சற்று விலக்கி வைத்த ஒரு தூண் நெருக்கத்தை உடைத்து ஓட்டத்தைச் சீராக்கியது.

இந்தச் சமன்பாடுகள் ஜாம்பிகளுக்காக எழுதப்பட்டவை அல்ல, மனிதர்கள் சாகாமல் இருப்பதற்காக எழுதப்பட்டவை. 2025 செப்டம்பர் 27 அன்று, நாமக்கல்லுக்கு அடுத்த மாவட்டமான கரூரில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட நெரிசல்களில் சாவு பெரும்பாலும் மிதிபட்டு வருவதில்லை. சதுர மீட்டருக்கு ஆறு, ஏழு பேர் என்று நெருங்கிவிட்டால் நெஞ்சு விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுபோகிறது. அந்த அடர்த்தியில் யாரும் தன் விருப்பப்படி நகர முடியாது, அலை போல அழுத்தம் கடந்து போகும். அதற்குப் பிறகு 'கூட்டம் வெறிபிடித்துவிட்டது' என்று சொல்வது இறந்தவர்களுக்குச் செய்கிற அநீதி. கூட்டத்தில் மனிதர் அறிவிழந்துவிடுவார் என்று 1895-ல் குஸ்தாவ் லெ போன் எழுதியதை வைத்தே ஜாம்பிக் கதைகளும் செய்தித்தாள்களும் இன்னும் பேசுகின்றன. விபத்துகளில் பிழைத்தவர்களிடம் பேசிய ஜான் டிரூரி போன்ற உளவியலாளர்கள் கண்டது வேறு. முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் கை கொடுக்கிறார்கள், வரிசை காக்கிறார்கள், தண்ணீர் பகிர்கிறார்கள். மனிதக் கூட்டமும் ஜாம்பிக் கூட்டமும் வெளிக்கணக்கில் ஒன்று போலத் தெரியலாம். உள்ளே நடப்பது வேறு வேறு.

இனி பாவையை நிறுத்த வேண்டும். கூம்பு ஒலிபெருக்கி ஒன்று ஒரு மீட்டர் தூரத்தில் 110 டெசிபல் ஒலிக்கும் என்று கொள்வோம். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபல் குறையும். ஒரு கிலோமீட்டரில் 50, இரண்டு கிலோமீட்டரில் 44. மனித அரவம் அற்றுப்போன இரவில் இது தெளிவாகவே கேட்கும். இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒலி வளைந்து தரைக்கே திரும்புவதால், சமவெளியில் பகலைவிட நெடுந்தூரம் போகும். மலையின் மறைவில் இருக்கிறவர்களுக்கோ அதே ஒலி மங்கிவிடும். எனவே பாவை நிற்க வேண்டிய இடம் மலையல்ல, அடிவாரத்துக்கு வெளியே சமவெளி. மலைமேலிருந்து பார்வையில் படுவதாக, சாலை தொடங்கும் வாயிலிருந்து விலகியதாக இருக்க வேண்டும். பாவை எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. கூட்டம் மலைப்பக்கம் சாயும்போது மட்டும் ஒலித்தால் பேட்டரி மாதக்கணக்கில் நிற்கும், புதியவையும் வீணாக வந்து சேராது.

இங்கே வெட்டுக்கிளிகள் கற்றுத் தந்ததைப் பயன்படுத்த வேண்டும். நெருங்கித் திரண்ட கூட்டம் திசையை விடாது. அதற்கு நேர் பின்னால் ஒலிபெருக்கியை வைத்தால் ஓரத்தில் உள்ளவை திரும்பும், நடுவில் உள்ளவை முன்னதைத் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கும். கூட்டம் இரண்டாகப் பிளக்கும், எதுவும் கட்டுக்குள் இருக்காது. போகும் திசைக்கு முன்னால், சற்றே பக்கவாட்டில் ஈர்ப்பை வைத்து, தலைப்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். 'தி வாக்கிங் டெட்' தொடரின் ஆறாவது பருவத்தில், கல்குவாரியில் சிக்கியிருக்கும் பல்லாயிரம் ஜாம்பிகளை வண்டிகளை முன்னால் ஓட்டி ஊரைவிட்டு விலக்கி நடத்திப் போவார்கள். அந்தத் திட்டம் சரியான திட்டம். வேறொரு பக்கத்தில் ஓயாமல் அலறிய ஒரு லாரி ஹாரன்தான் கூட்டத்தைப் பாதியாக அறுத்துவிடும். திட்டத்தில் இல்லாத இரண்டாவது ஒலி ஒன்று வந்தால் எல்லாம் கெடும் என்பதற்கு அதைவிட நல்ல காட்சி இல்லை.

தலையைச் சாய்த்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அது வாலைச் சந்திக்கும். கயானா காட்டில் இயற்கையியலாளர் வில்லியம் பீபே ஒரு படையெறும்புக் கூட்டம் இப்படி மாட்டிக்கொண்டதைப் பார்த்து 1921-ல் எழுதினார். ஏறத்தாழக் குருடான அந்த எறும்புகள் முன்னால் போனதன் வாசனைத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போகும். தடம் வட்டமாகிவிட்டது. வட்டத்தின் சுற்றளவு 365 மீட்டர் அளவு, ஓர் எறும்பு ஒருமுறை சுற்றிவர இரண்டரை மணி நேரம். இரண்டு நாள் சுற்றி, பெரும்பாலானவை அப்படியே செத்து விழுந்தன. ஒரு பெரிய வட்டத்தில் ஒலிபெருக்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கவிட்டால் ஜாம்பிகளையும் இப்படிச் சுற்றவைக்கலாம். வட்டம் மூடிய பிறகு ஒலிபெருக்கியே தேவைப்படாது.

துணிச்சலான வழி ஒன்றும் உண்டு. ஜாம்பியின் வாடையைப் பூசிக்கொண்டு கூட்டத்துக்குள்ளே நடக்கும் காட்சி பல கதைகளில் வருகிறது. பெரும்பாலும் அது தப்பிக்கும் வழியாகத்தான் இருக்கிறது. உள்ளிருந்தே கூட்டத்தை நடத்திப் போகலாம் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. போகும் இடம் தெரிந்த சிலர், தெரியாத பலரை எந்தச் சைகையும் இல்லாமல் இழுத்துச் செல்ல முடியும் என்று கஸினும் சகாக்களும் 2005-ல் காட்டினார்கள். கூட்டம் பெரிதாகப் பெரிதாக, தேவைப்படும் தலைவர்களின் விகிதம் குறைகிறது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டயரும் ஜென்ஸ் கிராவுஸும் இதை மனிதர்களிடம் சோதித்தார்கள். ஒரு பெரிய கூடத்தில் 200 பேர், பேசக் கூடாது, நடந்துகொண்டே இருக்க வேண்டும், யாரையும் விட்டு வெகுதூரம் விலகக் கூடாது. அவர்களில் பத்துப் பேருக்கு மட்டும் போக வேண்டிய இடம் சொல்லப்பட்டது. மற்றவர்கள் அவர்கள் பின்னால் போனார்கள். அரியூர் நாட்டின் இளைஞர்கள் சிலர் இதற்குத் துணிவார்களா என்பதிலிருந்து ஒரு முழு நாவலே எழுதலாம்.

பாவையின் எல்லை எதுவென்றும் இந்த மலையின் வரலாறு சொல்கிறது. வல்வில் ஓரி ஆண்ட கொல்லியை மலையமான் திருமுடிக்காரி வென்று, ஓரியைக் கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு பேசுகிறது. பாவை அப்போதும் அங்கேதான் இருந்தது. காரியின் படை யோசிக்கத் தெரிந்த படை. எதைப் பார்த்து நடக்கக் கூடாது என்று அதற்குத் தெரியும், வேண்டும்போது விலகிச் சுற்றிவரவும் தெரியும். ஈர்ப்பை வைத்து ஏமாற்றுவது யோசிக்காத கூட்டத்திடம் மட்டுமே செல்லும்.

கூட்டத்தை வெளியே நிறுத்திவிட்டோம். எவ்வளவு காலத்துக்கு? கார்னெல் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸ் அலெமி, மேத்யூ பியர்பாம், கிறிஸ்டோபர் மையர்ஸ், ஜேம்ஸ் செத்னா நால்வரும் 2015-ல் அமெரிக்காவின் 30 கோடி மக்களையும் கணினியில் நிறுத்தி, ஜாம்பித் தொற்றைப் பரப்பிப் பார்த்தார்கள். பெருநகரங்கள் சட்டென்று விழுந்தன. முதல் வாரத்திலேயே மக்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். மக்கள் நெருக்கம் குறைந்த மலைப்பகுதிகளோ நான்கு மாதம் கழிந்தும் தப்பி நின்றன. ராக்கி மலைத்தொடருக்குப் போங்கள் என்பதே அவர்கள் தந்த யோசனை. உண்மைத் தொற்றிலும் இது நடந்திருக்கிறது. 1918-ன் இன்ஃபுளுயன்சாவின்போது அதே ராக்கி மலையில் உள்ள கன்னிசன் என்ற சிற்றூர், சாலைகளை அடைத்து, ரயிலில் இறங்குவோரைத் தனிமைப்படுத்தித் தப்பித்தது. கப்பல்களைத் தடுத்த அமெரிக்க சமோவாவில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. தடுக்காத மேற்கு சமோவாவில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தார்.

நான்கு மாதம் என்றால் அரியூர் நாட்டுக்காரர்களின் உண்மையான எதிரி ஜாம்பியாக இருக்காது. பசிதான் எதிரி. கொல்லிமலை முழுவதும் சுமார் 40,000 பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 2,000 கலோரி என்றால், தானியமாக ஒரு நாளைக்கு 23 டன், நான்கு மாதத்துக்கு ஏறத்தாழ 2,800 டன். லாரி வராது, ரேஷன் அரிசி வராது. மலையில் இன்று எங்கு பார்த்தாலும் தெரிவது மரவள்ளி. அது சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போவதற்காகப் போட்ட பயிர். தோண்டிய இரண்டு மூன்று நாளில் கிழங்கு உள்ளே கறுத்துக் கெடத் தொடங்கும். தோண்டாமல் விட்டால் மண்ணுக்குள்ளேயே சில மாதம் நிற்கும் என்பது ஓர் ஆறுதல். அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் பிடுங்கிச் சாப்பிடலாம். முற்றுகைக்கு ஏற்ற உணவுதான், ஆனால் மறுநடவு செய்தால் அடுத்த கிழங்குக்கு எட்டு, பத்து மாதம் காத்திருக்க வேண்டும்.

இந்த மலையின் மலையாளி பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக விளைவித்தது சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு. உமி நீக்காத சிறுதானியம் பூச்சி அண்டாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். மழை பொய்த்தாலும் கொஞ்சமாவது தரும். மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை, பெருஞ்சாமை என்று விரைவில் விளைபவையும் நாள் பிடிப்பவையுமாகப் பல ரகங்கள் இருந்தன, ஒன்று போனால் இன்னொன்று கை கொடுக்கும். மரவள்ளியின் காசு வந்ததும் அந்தப் பரப்பு சுருங்கியது. சாமையை உரலில் குத்தி உமி நீக்கும் வேலை முழுக்கப் பெண்களின் தோளில் விழுந்ததும் அதற்கு ஒரு காரணம். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இங்கே வேலை தொடங்கி, ரகங்களைச் சேகரித்து, ஊர் விதை வங்கிகளை அமைக்கவும் உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவரவும் உதவியது.

அதனால் அரியூர் நாட்டில் கதையைத் தொடங்குகிற எழுத்தாளர், ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு இறங்கும் இளைஞர்களோடு, விதை வைத்திருக்கும் ஒரு பாட்டியையும் முக்கியப் பாத்திரமாக வைக்க வேண்டும். கூட்டம் காரவள்ளிக்கு வந்தது வைகாசி என்றால் சாமை விதைக்கும் பட்டம் தவறவில்லை. மார்கழி என்றால், அடுத்த மழை வரும்வரை மண்ணுக்குள் எத்தனை ஏக்கர் மரவள்ளி தோண்டாமல் நிற்கிறது என்று முதலில் எண்ணிவிட்டு வர வேண்டும்.